‘கவுன்சலிங்’ போர்டைப் பார்த்து உள்ளே போகும் முன்: பலரும் செய்யும் தவறுகள்

உங்கள் தெருவில் நாளைக்கே ஒருவர் ‘மனநல ஆலோசனை மையம்’ என்று போர்டு மாட்டி, ஒரு மணி நேரத்துக்கு இரண்டாயிரம் ரூபாய் வாங்கத் தொடங்கலாம். அவர் உளவியலில் ஒரு பாடம்கூடப் படித்திருக்க வேண்டியதில்லை. யாரும் வந்து அவரிடம் சான்றிதழைக் கேட்கப்போவதும் இல்லை. வார இறுதியில் இணையத்தில் ஒரு வகுப்பை முடித்தவரும், ஆறேழு வருடம் படித்துப் பயிற்சி பெற்றவரும் ஒரே பெயரில் பக்கத்துப் பக்கத்துக் கட்டடத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். உடைந்துபோய் உதவி தேடி வருகிறவருக்கு அந்த நேரத்தில் இருவரையும் பிரித்துப் பார்க்கத் தெம்பு இருக்காது. அதனால்தான் முன்கூட்டியே இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்று சொல்கிறேன்.

பட்டப்பெயரையே தகுதி என்று நினைப்பது

பெரும்பாலான ஏமாற்றங்கள் இங்கேதான் தொடங்குகின்றன. மனநலத் துறையில் நாம் கேள்விப்படும் பெயர்களில் சட்டம் இறுக்கிப் பிடித்திருப்பவை சிலதான்.

மனநல மருத்துவர், அதாவது சைக்காட்ரிஸ்ட், எம்.பி.பி.எஸ். முடித்து அதன்மேல் எம்.டி. அல்லது டி.பி.எம். போன்ற மேற்படிப்பு படித்தவர். மருத்துவக் கவுன்சிலில் அவருக்குப் பதிவு எண் இருக்கும். மாத்திரை எழுத அவருக்கு அதிகாரம் உண்டு. அடுத்தவர் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட். எம்.ஏ. அல்லது எம்.எஸ்சி. உளவியலுக்குப் பிறகு, மருத்துவமனையோடு சேர்ந்த இரண்டு வருட எம்.பில்., அல்லது அதற்கு இணையாக ஏற்கப்பட்ட படிப்பை முடித்தவர். இவர் 1992-ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் சட்டப்படி மத்தியப் பதிவேட்டில் பெயர் பதிந்திருக்க வேண்டும். பதியாமல் தொழில் செய்தால் ஒரு வருடம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அந்த ஆயிரம் ரூபாய் இன்று யாரையும் பயமுறுத்தாது என்பது தனிக் கவலை.

சரி, மற்றவர்கள்? ‘கவுன்சலர்’, ‘தெரபிஸ்ட்’, ‘லைஃப் கோச்’, ‘ஹீலர்’, ‘மைண்ட் டிரெய்னர்’, வெறும் ‘சைக்காலஜிஸ்ட்’ என்ற பெயர்களை நடைமுறையில் யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். இந்த இடைவெளியை அடைக்கத்தான் 2021-இல் நாடாளுமன்றம் துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்தைக் கொண்டுவந்தது. உளவியலாளர், மனநல ஆலோசகர், சமூகப் பணியாளர் என்று பலரும் அதில் அடங்குகிறார்கள். ஆனால் மாநிலங்கள் அசைந்துகொடுக்கவில்லை. 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமே தலையிட்டு, சட்டத்தைச் சீக்கிரம் செயல்படுத்துங்கள் என்று கெடு வைக்க வேண்டியிருந்தது.

எனவே ஒருவரைத் தேர்ந்தெடுக்கும்போது நீங்கள் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இவர் தவறு செய்தால் இவரைக் கேள்வி கேட்க ஓர் அமைப்பு இருக்கிறதா? ஓர் உதாரணம் சொல்கிறேன். தன்பால் ஈர்ப்புள்ளவர்களை ‘மாற்றுகிறோம்’ என்று சொல்லிச் செய்யப்படும் சிகிச்சைகளுக்கு 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் தடை விதித்தார். அந்த வழக்கின் தொடர்ச்சியாக 2022-இல் தேசிய மருத்துவ ஆணையம் இதைத் தொழில் ஒழுங்கு மீறல் என்று அறிவித்தது. இனி ஒரு மருத்துவர் அப்படிச் செய்தால் அவருடைய உரிமத்துக்கே ஆபத்து. ஆனால் எந்தக் கவுன்சிலிலும் இல்லாத ஒரு ‘ஆலோசகர்’ அதையே செய்தால்? அவரிடம் பறிக்க உரிமம் என்று ஒன்று இருந்தால்தானே!

‘டாக்டர்’ என்ற முன்னொட்டும் சுவரில் தொங்கும் சான்றிதழ்களும்

பெயருக்கு முன்னால் ‘டாக்டர்’ இருந்தால் எதில் டாக்டர் என்று கேளுங்கள். வேறு ஏதோ துறையில் வாங்கிய பிஎச்.டி.யாக இருக்கலாம். பணம் கட்டி வாங்கிய ‘கௌரவ டாக்டர்’ பட்டமாகவும் இருக்கலாம். 2023 பிப்ரவரியில் ஒரு தனியார் அமைப்பு அண்ணா பல்கலைக்கழக அரங்கத்தையே வாடகைக்குப் பிடித்து, பிரபலங்களுக்குப் போலி டாக்டர் பட்டங்களை வழங்கியது. பல்கலைக்கழகம் போலீசுக்குப் போன பிறகுதான் விஷயம் ஊருக்குத் தெரிந்தது. பட்டம் வாங்கியவர்களே உண்மையென்று நம்பும்படி ஒரு விழாவை நடத்த முடிகிறது என்றால், பார்வையாளர் ஏமாறுவதில் வியப்பில்லை.

அப்புறம் அந்தச் சான்றிதழ்கள். ஐ.எஸ்.ஓ. 9001 என்பது ஒரு நிறுவனத்தின் நிர்வாக முறைக்குத் தரப்படுவது. உள்ளே இருப்பவருக்கு மனச்சோர்வைக் கையாளத் தெரியுமா என்று அது சோதிப்பதில்லை. ‘மத்திய அரசுப் பதிவு பெற்றது’ என்று போட்டிருந்தால், அது பெரும்பாலும் சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவாக இருக்கும். ஆதார் எண்ணை வைத்து இணையத்தில் யாரும் இலவசமாகச் செய்துகொள்ளக்கூடியது அது. மாவு மில்லுக்கும் அதே பதிவுதான்.

நன்றாகப் பேசுகிறார் என்பதற்காகப் போவது

காணொளியில் உருக்கமாகப் பேசுவது ஒரு திறமை. சிகிச்சை அளிப்பது வேறு. அறையில் உட்கார்ந்திருக்கும் பயிற்சி பெற்றவர் பேசுவதைவிடக் கேட்பதே அதிகம். தூக்கம், பசி, எடை, தைராய்டு என்று விசாரிப்பார். தைராய்டு சுரப்பு குறைந்தாலே சோர்வு, மந்தம், அழுகை எல்லாம் வரலாம்; அது மனச்சோர்வு போலவே தெரியும். “சாகணும்னு தோணுதா?” என்று நேராகக் கேட்கவும் அவருக்குத் தயக்கம் இருக்காது. கேட்டால் எண்ணம் வளர்ந்துவிடும் என்று பயப்படுகிறவர், இந்த வேலையைக் கற்றுக்கொள்ளாதவர்.

முதல் சந்திப்பிலேயே “மூன்று அமர்வில் சரிசெய்துவிடுகிறேன்” என்று உறுதி கொடுப்பவரிடமிருந்தும், பத்து அமர்வுக்கு முன்பணம் கேட்பவரிடமிருந்தும் எழுந்து வந்துவிடுங்கள்.

கேட்டால் மரியாதையாக இருக்காது என்று தயங்குவது

நம் ஊரில் இது பெரிய தடை. எதிரில் இருப்பவர் படித்தவர், அவரிடம் போய் எங்கே படித்தீர்கள் என்று எப்படிக் கேட்பது என்று கூச்சம். கேட்கலாம். எங்கே, என்ன படித்தீர்கள்? அது நேரடி வகுப்பா, தபால் வழியா? யாருடைய மேற்பார்வையில், எவ்வளவு காலம் பயிற்சி செய்தீர்கள்? உங்கள் கைக்கு அடங்காத பிரச்சினை என்றால் என்னை யாரிடம் அனுப்புவீர்கள்? கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று சொன்னால் பதிவு எண்ணை வாங்கி, மறுவாழ்வுக் கவுன்சில் இணையதளத்தில் பெயர் இருக்கிறதா, பதிவு காலாவதியாகாமல் இருக்கிறதா என்று பாருங்கள். முறையாகப் படித்தவருக்கு இந்தக் கேள்விகளால் கோபம் வராது.

ஒன்றைச் சேர்த்தே சொல்ல வேண்டும். மறுவாழ்வுக் கவுன்சிலில் பெயர் இல்லாதவர் எல்லோரும் போலி அல்ல. முறையாக முதுகலை படித்து, மூத்தவர்களின் மேற்பார்வையில் வருடக்கணக்கில் பயிற்சி பெற்ற நல்ல ஆலோசகர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். பதிவேடு இல்லாததால் அதிகம் பாதிக்கப்படுவது அவர்களும்தான். அவர்களை அடையாளம் காட்டுவது பெரும்பாலும் ‘என்னை யாரிடம் அனுப்புவீர்கள்’ என்ற அந்தக் கேள்விக்கான பதில். தன் எல்லை தெரிந்தவர் அதற்குத் தெளிவாகப் பதில் சொல்வார்.

ஆலோசகர் சொன்னார் என்று மாத்திரையை நிறுத்துவது

இந்தப் பட்டியலில் உயிரோடு விளையாடும் தவறு இதுதான். “மாத்திரை எல்லாம் மூளையை மழுங்கடிக்கும், நான் இயற்கையாகக் குணப்படுத்துகிறேன்” என்ற பேச்சைப் பல மையங்களில் கேட்கலாம். மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா), இருதுருவ மனநோய் (பைபோலார்) போன்றவற்றில் மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் நோய் முன்பைவிட மோசமாகத் திரும்பலாம். இருதுருவ மனநோய்க்குத் தரும் லித்தியம் போன்ற மருந்துக்கு இரத்தத்தில் அதன் அளவைப் பரிசோதித்துப் பரிசோதித்துத்தான் டோஸ் தீர்மானிக்கிறார்கள். வாய்ப்பேச்சில் கூட்டிக் குறைக்கும் விஷயமே இல்லை. மாத்திரையில் சந்தேகம் இருந்தால் அதை எழுதிய மருத்துவரிடமே கேளுங்கள், இல்லை இன்னொரு மனநல மருத்துவரிடம் போங்கள். மருந்தை நிறுத்தச் சொல்லும் உரிமை ஆலோசகருக்குக் கிடையாது.

குழந்தைகள் விஷயத்தில் அவசரப்படுவது

பிள்ளை பேசத் தாமதமாகிறது என்றால் பெற்றோர் எதையும் செய்வார்கள். அந்தத் தவிப்பின் மேல்தான் இந்த வியாபாரம் நிற்கிறது. கைரேகையை ஸ்கேன் செய்து புத்திசாலித்தனத்தை அளக்கும் டி.எம்.ஐ.டி. சோதனை, கண்ணைக் கட்டிக்கொண்டு படிக்க வைக்கும் ‘மிட் பிரெய்ன்’ பயிற்சி ஆகியவற்றுக்கு அறிவியல் அடிப்படை இல்லை. ஆட்டிசத்தை ஆறு மாதத்தில் ‘குணப்படுத்துகிறோம்’ என்பதும் அப்படித்தான். பயிற்சியால் குழந்தையின் பேச்சும் அன்றாடத் திறன்களும் நன்றாக முன்னேறலாம். ஆனால் ஆட்டிசம் மருந்து கொடுத்து நீக்கும் நோய் அல்ல. சிறப்பு ஆசிரியர்களும் பேச்சுப் பயிற்சியாளர்களும் மறுவாழ்வுக் கவுன்சில் பதிவுக்குள் வருகிறவர்கள், அதனால் இங்கே சரிபார்ப்பது சுலபம். பணத்தைவிட, பயிற்சி அதிகம் பலன் தரும் அந்த முதல் சில வருடங்கள் வீணாவதுதான் எனக்கு ஆறவே ஆறாத விஷயம்.

பதிவில்லாத மையத்தில் ஒருவரை ஒப்படைப்பது

குடிப்பழக்கத்துக்காகவோ மனநோய்க்காகவோ ஒருவரைத் தங்கவைக்கும் எந்த இடமும், 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். வண்டி அனுப்பித் தூக்கிக்கொண்டு போகிறோம், மூன்று மாதம் பார்க்க வரக் கூடாது என்று சொல்லும் இடத்தில் உங்கள் அண்ணனையோ அப்பாவையோ விடாதீர்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகம் தீப்பிடித்தபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள்.

வேறு வழியில்லை என்று நினைப்பது

போலிகள் பெருகுவதற்கு ஆட்பற்றாக்குறையும் ஒரு காரணம். பெங்களூரின் தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் 2015–16-இல் நடத்திய தேசிய மனநல ஆய்வில், நோயைப் பொறுத்து 70 முதல் 92 சதவீதம் பேர் சிகிச்சை கிடைக்காமலே இருப்பது தெரியவந்தது. ஆனாலும் வழிகள் இருக்கின்றன. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு உண்டு. கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை இருக்கிறது. 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநலத் தொலைபேசிச் சேவை) எண்ணில் எந்நேரமும் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம்.

ஏற்கெனவே ஏமாந்திருந்தால் வெட்கப்பட்டு ஒதுங்க வேண்டாம். காசு வாங்கிக்கொண்டு செய்யும் சேவை என்பதால், கவுன்சில் இல்லாவிட்டாலும் நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்யலாம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் வழி கேட்டுக்கொள்ளலாம். அத்துமீறித் தொட்டாலோ, நீங்கள் அந்தரங்கமாகச் சொன்னதை வைத்து மிரட்டினாலோ அது நேரடியாகப் போலீஸ் விஷயம். ரசீது தர மறுத்திருந்தாலும், பணம் அனுப்பிய யு.பி.ஐ. விவரத்தையும் வாட்ஸ்அப் உரையாடலையும் சான்றாகக் காட்டலாம். கோபத்தில் அவற்றை அழித்துவிடாதீர்கள்.