ஆவுளியாவை அடையாளம் காண்பது எப்படி?

பாக் விரிகுடாவில் சாம்பல் நிற முதுகு ஒன்று மேலே வந்து மறைந்தால், பலர் உடனே ஓங்கில் (டால்பின்) என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அது ஆவுளியாவாகவும் இருக்கலாம். கடற்பசு என்பதும் இதைத்தான். இதைக் காப்பதற்காகவே 2022-இல் தஞ்சாவூர், புதுக்கோட்டை கடற்பகுதியில் 448 சதுர கி.மீ. பரப்பைப் பாதுகாப்பகமாகத் தமிழக அரசு அறிவித்தது.

படி 1: இடத்தைப் பாருங்கள். ஆவுளியா மேய்வது ஆழம் குறைந்த கடற்புல் படுகைகளில். புல்லை வேரோடு பிடுங்கித் தின்னும். தண்ணீர் தெளிவாக இருந்தால், அது மேய்ந்துபோன தடம் புல்லுக்கு நடுவே வெறும் மண் கோடாகத் தெரியும்.

படி 2: முதுகைப் பாருங்கள். துடுப்பு நிமிர்ந்து நின்றால் அது ஓங்கில். துடுப்பே இல்லையா? அவசரப்படாதீர்கள். ஓங்கிலைப் போன்ற, ஆனால் முதுகுத் துடுப்பில்லாத கடற்பன்றி இனமும் இந்தக் கடலில் உண்டு. அது சிறியது, பொதுவாக இரண்டு மீட்டரைத் தாண்டாது. வளர்ந்த ஆவுளியா மூன்று மீட்டர் வரை நீளமும் 400 கிலோ வரை எடையும் இருக்கும்.

படி 3: மூக்கைப் பாருங்கள். என்னைக் கேட்டால் இதுதான் உறுதியான அடையாளம். ஓங்கிலுக்கும் கடற்பன்றிக்கும் உச்சந்தலையில் ஒரே துளை. ஆவுளியாவுக்கு மூஞ்சியின் மேல்நுனியில் இரண்டு நாசித் துளைகள். மூச்சு விடும்போது மட்டும் திறக்கும், மூழ்கும்போது மடிப்பு வந்து அடைத்துக்கொள்ளும். பெரும்பாலும் அந்த நுனி மட்டும்தான் சத்தமில்லாமல் மேலே வரும். அதற்குக் கீழே மேலுதடு தடித்து, தரையைப் பார்த்து வளைந்து, முள் போன்ற கட்டை மயிரோடு இருக்கும். இந்த உதட்டை வைத்துத்தான் மண்ணைக் கிளறிப் புல்லைப் பிடிக்கிறது.

படி 4: அப்புறம் தோலும் வாலும். பழுப்புச் சாம்பல் தோலில் அங்கங்கே மெல்லிய மயிர் இருக்கும். முதுகில் இணைகோடுகளாகக் கீறல் இருந்தால், அவை பெரும்பாலும் ஆண்களின் தந்தம் பட்ட தழும்புகள். வால் ஓங்கிலுடையதைப் போலவே இரண்டாகப் பிரிந்திருக்கும், அதனால் வாலை மட்டும் நம்ப வேண்டாம்.

வலையில் மாட்டிய ஆவுளியாவைப் பார்த்தால் வாலைப் பிடித்து இழுக்காதீர்கள். நாசி தண்ணீருக்கு மேலே இருக்கும்படி தாங்கிக்கொண்டு வலையை அறுத்து விடுங்கள். சில நிமிடங்கள் மூச்சு கிடைக்காவிட்டாலே செத்துப்போகும். வனத்துறைக்கும் தகவல் சொல்லுங்கள். உயிரோடு விடுவிக்கும் மீனவர்களை அவர்கள் பாராட்டிச் சன்மானமும் தருகிறார்கள்.