தமிழறிவைத் துணைக்கொண்டு பம்ப பாரதத்தைப் படிக்கும் முறை

பழங்கன்னட அரசவை இலக்கியத்தைக் கவிராஜமார்க்கத்திலிருந்து தொடங்குவதே முறை என்று தோன்றக்கூடும். ராஷ்டிரகூட மன்னன் அமோகவர்ஷ நிருபதுங்கனின் அவையில், ஏறத்தாழ கி.பி. 850இல் எழுந்த அது அணியிலக்கணம். முதல் நூலாக எடுத்தால் சலிப்புத்தான் மிஞ்சும். அதற்குப் பதிலாக, கன்னடக் கவிஞன் பம்பன் 941ஆம் ஆண்டளவில் இயற்றிய விக்கிரமார்ஜுன விஜயத்தை, அதாவது பம்ப பாரதத்தை, எடுத்துக்கொள்ளுங்கள். கதை முன்பே தெரிந்ததாகையால் கவனம் முழுவதும் மொழியின்மேல் நிற்கும்.

முதலில் காவியத்துக்குள் அரசன் எங்கே இருக்கிறான் என்று கண்டுகொள்ள வேண்டும். பம்பனைப் புரந்தவன் ராஷ்டிரகூடருக்கு அடங்கிய வேமுலவாடச் சாளுக்கியன் இரண்டாம் அரிகேசரி. அவனையே அருச்சுனனாக வைத்துத்தான் பம்பன் பாரதம் முழுவதையும் பாடியிருக்கிறான். ஆகவே குணார்ணவன், சாமந்தசூடாமணி என்னும் அரிகேசரியின் பட்டங்கள் கதைக்குள் வரும்போது அவற்றை அருச்சுனனின் பெயர்களாகக் குறித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் யாரோ புதிய பாத்திரம் நுழைந்துவிட்டதாக எண்ணித் தடுமாற நேரும். திரௌபதி அருச்சுனன் ஒருவனையே மணப்பதும், போர் முடிந்தபின் அவனே சுபத்திரையோடு முடிசூடுவதும் இந்த ஏற்பாட்டால் வந்தவை. பின்னாளில் ரன்னன் என்னும் கன்னடக் கவிஞன் தன்னைப் புரந்த அரசன் சத்தியாசிரயனைப் பீமனாக்கிப் பாடியபோது முடியும் பீமனுக்கே போயிற்று.

அடுத்தது மொழி. இன்றைய கன்னடத்தில் சொல்லின் முதலில் நிற்கும் ஹகரம் பல இடங்களில் பழைய பகரமே: ஹாலு பால், ஹுலி புலி, ஹத்து பத்து. பம்பனிடம் அந்தப் பகரம் மாறாமல் இருப்பதோடு, இன்றைய கன்னட எழுத்தில் வழக்கிழந்த ழகரமும் றகரமும் உள்ளன. அவற்றின் பழைய வரிவடிவங்களைத் தனியே பழகிக்கொள்வது அவசியம். பிறகு இந்த வரியை எடுத்துக்கொள்ளுங்கள்:

“ஆரங்குசமிட்டொடம் நெனெவுதென்ன மனம் பனவாசி தேசமம்.”

அகராதியைத் தொடுமுன் இரண்டு முறை வாய்விட்டுப் படித்து, பதம் பிரியுங்கள். ‘ஆர்’ என்பது நம் யார், ‘இட்டொடம்’ இட்டாலும், ‘நெனெவுது’ நினைக்கும், ‘என்ன’ வினாவன்று, ‘என்’ என்னும் பொருளது. தமிழர் வழக்கமாக இடறும் இடம் ‘தேசமம்’ என்பதன் இறுதியில் நிற்கும் ‘அம்’. அது இரண்டாம் வேற்றுமை உருபு, நம் ஐகாரத்துக்கு நிகர். யார் அங்குசத்தால் குத்தினாலும் என் மனம் பனவாசி நாட்டையே நினைக்கும் என்பது பொருள்.

யாப்பில் மிகுதியாக உழைக்கத் தேவையில்லை. உரைநடையும் செய்யுளும் கலந்த இந்தச் சம்பு வடிவத்தில் முதலில் கந்தப் பாடல்களைத் தேடிப் படியுங்கள். 12, 20, 12, 20 மாத்திரைகளாக நான்கு அடிகளில் முடிந்துவிடும் சிறிய பாடல்கள் அவை. நீண்ட வடமொழித் தொடர்கள் வரும் விருத்தங்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்; மேற்கண்ட வரி விருத்தத்தில் வருவதுதான் என்றாலும், அவ்வளவு எளிமை எல்லா விருத்தத்திலும் கிடைக்காது.

அரசனைக் கண்டுகொண்டபின், கவிஞன் அவனைவிட்டு விலகும் இடங்களையும் கவனியுங்கள். என்னைக் கேட்டால் இந்தக் காவியத்தின் சுவை அங்கேதான் இருக்கிறது. புரவலனின் வேமுலவாடம் இன்றைய தெலங்கானாவில் இருக்க, கவிஞனின் மனமோ மேற்கே, இன்றைய கர்நாடகத்திலுள்ள பனவாசிக்கு ஓடுகிறது. அருச்சுனனைத் தலைவனாக வைத்துப் பாடியவனே, கர்ணன் வீழும் இடத்தில், பாரதத்தில் பிறர் எவரையும் நினைக்க வேண்டாம், ஒரே சித்தத்தோடு நினைப்பதானால் கர்ணனை நினை என்கிறான். அந்தப் பாடலில் ‘பிறர்’ என்பது ‘பெறர்’ என்று றகரத்தோடு நிற்கும். ‘கர்ணனம் நெனெய’ என்னும் தொடரை இனி நீங்களே பிரித்துப் பொருள் கொள்ளலாம்.