வீட்டு மிக்ஸியில் மல்லாட்டை சாக்லேட் ஸ்ப்ரெட்

சின்னவள் தோசைக்குச் சட்னி வேண்டாம், "பிரவுன் கலர்"தான் வேண்டும் என்று அடம்பிடித்த வாரத்தில்தான் அந்த நுட்டெல்லா சாக்லேட் ஸ்ப்ரெட் பாட்டிலைத் திருப்பிப் பார்த்தேன். நம் ஊரில் விற்கும் உணவுப் பொட்டலங்களில் எது அதிக எடையோ அதைத்தான் முதலில் எழுத வேண்டும் என்பது விதி. நுட்டெல்லாவில் முதலில் இருப்பது சர்க்கரை, அடுத்து பாமாயில். படத்தில் கொழுகொழுவென்று தெரியும் ஹேசல்நட் என்ற கொட்டை 13 விழுக்காடுதான். 100 கிராமில் சுமார் 56 கிராம் சர்க்கரை. ஒரு தோசைக்குத் தடவும் 15 கிராமில் எட்டு கிராமுக்கு மேல் சர்க்கரை, அதாவது இரண்டு டீஸ்பூன். என் மகள் ஒரு தோசையோடு நிறுத்துகிறவள் இல்லை.

ஹேசல்நட் ஏன் அதில் வந்தது என்பது சுவாரசியமான கதை. இரண்டாம் உலகப் போர் முடிந்த சமயம் இத்தாலியில் கோகோவுக்குக் கடும் தட்டுப்பாடு. வடக்கே பியத்மாந்த் பகுதியில் ஹேசல்நட் தாராளமாக விளையும். ஆல்பா என்ற ஊரில் இனிப்புக்கடை வைத்திருந்த பியத்ரோ ஃபெரேரோ, 1946இல் கொஞ்சம் கோகோவோடு நிறைய ஹேசல்நட்டை அரைத்துச் சேர்த்து விற்றார். பாட்டிலில் நுட்டெல்லா என்ற பெயர் ஏறியது 1964இல். ஆக, அவர்கள் பயன்படுத்தியது பக்கத்துத் தோட்டத்தில் விளைந்ததை. எங்கள் திருவண்ணாமலைப் பக்கம் விளைவது மல்லாட்டை. உங்கள் ஊரில் அது நிலக்கடலை, வேர்க்கடலை, மணிலாக்கொட்டை, எதுவாகவும் இருக்கலாம். கிலோ ஆயிரக்கணக்கில் விற்கும் ஹேசல்நட்டைத் தேடி அலைய வேண்டாம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கலோரிக் கணக்கில் வீட்டில் செய்ததும் கடையில் வாங்கியதும் ஏறக்குறைய ஒன்றுதான், 100 கிராமுக்கு 500க்கு மேல். கடலை என்றாலே பாதி எண்ணெய். வித்தியாசம் எங்கே என்றால், சர்க்கரை கால் பங்காகக் குறைகிறது; அந்த இடத்தைக் கடலையும் முந்திரியும் பிடித்துக்கொள்கின்றன. வீட்டில் செய்தது என்பதற்காகக் கிண்ணத்தில் போட்டு ஸ்பூனோடு கையில் கொடுத்துவிடாதீர்கள்.

வேண்டிய பொருள்கள்

பச்சை நிலக்கடலை 200 கிராம்
முந்திரி 50 கிராம் (உடைத்த முந்திரியே போதும், விலை குறைவு)
இனிப்புச் சேர்க்காத கோகோ பவுடர் 20 கிராம், அதாவது மூன்று டேபிள்ஸ்பூன்
நாட்டுச்சர்க்கரை அல்லது வெள்ளைச் சர்க்கரை 50 கிராம்
பால் பவுடர் 20 கிராம்
கடலை எண்ணெய் ஒரு டேபிள்ஸ்பூன்
ஏலக்காய் 2, உப்பு இரண்டு சிட்டிகை

இதில் 300 கிராமுக்கு மேல் தேறும். பால் பவுடர் வாங்கும்போது டெய்ரி ஒயிட்னரை எடுத்து வந்துவிடாதீர்கள். பெரும்பாலும் அதில் ஏற்கெனவே சர்க்கரை கலந்திருக்கும். டிரிங்கிங் சாக்லேட் பொடியும் அப்படித்தான்.

1. பொறுக்குவது

கடலையைத் தட்டில் பரப்பிப் பாருங்கள். சுருங்கியது, கறுத்தது, பூஞ்சை படிந்தது எதுவும் வேண்டாம். பூஞ்சை பிடித்த கடலையில் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு உருவாகும். வறுத்தாலும் அது முழுதாகப் போகாது. குழந்தைகள் தினமும் சாப்பிடப்போகும் பண்டம். ஐந்து நிமிடம் செலவழியுங்கள்.

2. வறுப்பது

அடி கனமான இரும்புக் கடாய், சிறுதீ. 12 முதல் 15 நிமிடம் கை ஓயாமல் கிளறுங்கள். முதலில் ஒன்றும் நடக்காததுபோல் இருக்கும். பிறகு படபடவென்று தோல் வெடிக்கும். அப்போது ஒரு கடலையை எடுத்து ஆறவிட்டு விரலால் நசுக்குங்கள். தோல் கழன்று, பருப்பு இரண்டாகப் பிளந்து, உள்ளே வெளிர் பொன்னிறம் தெரிந்தால் அடுப்பை அணைத்துவிடலாம். வெள்ளையாக இருந்தால் பச்சை வாடை கடைசிவரை போகாது. பழுப்பு ஏறிவிட்டால் கசக்கும். கோகோவின் கசப்பும் சேர்ந்தால் குழந்தைகள் தொடமாட்டார்கள்.

முந்திரியைத் தனியாக நான்கு நிமிடம் சூடேற்றினால் போதும். கடலையோடு சேர்த்துப் போட்டால் முந்திரி முந்திக்கொண்டு கருகும்.

கடலை கைச்சூட்டுக்கு வந்ததும் ஒரு துணியில் கொட்டித் தேய்த்து, முறத்தில் புடைத்துத் தோலை நீக்குங்கள். முறம் இல்லாத வீட்டில் பால்கனியில் நின்று ஊதலாம். கீழ்வீட்டில் துணி காய்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

3. சர்க்கரையைக் காயவைத்துப் பொடிப்பது

பலரும் கோட்டை விடும் இடம் இதுதான், நானும் விட்டேன். முதல் தடவை "ஆரோக்கியமாக" செய்கிறேன் என்று கருப்பட்டியைப் பாகு காய்ச்சி, அரைத்த கடலை விழுதில் ஊற்றினேன். பளபளவென்று ஓடிக்கொண்டிருந்த விழுது கண்ணெதிரே திரண்டு களியாகி, கரண்டியை நிமிர்த்தி நிறுத்தும் அளவுக்கு இறுகிவிட்டது. "இதுக்குப் பேசாம கடலை உருண்டை பிடிச்சுக் குடுத்திருக்கலாமே" என்றார் அத்தை. உண்மையில் அதைத்தான் பிடித்தோம்.

காரணம் தண்ணீர். அரைத்த கடலையில் எண்ணெய்தான் எல்லாவற்றையும் மிதக்க வைத்திருக்கிறது. அதில் கொஞ்சம் ஈரம் பட்டாலும் சர்க்கரையும் கோகோவும் அந்த ஈரத்தை உறிஞ்சி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். நாட்டுச்சர்க்கரையைக் கையில் பிடித்தால் உருண்டை நிற்கிறதே, அந்த ஈரமே கெடுக்கப் போதும். கடலை வறுத்த கடாய் வெதுவெதுப்பாக இருக்கும்போதே அதில் சர்க்கரையைப் பரப்பி ஆறவிடுங்கள், அல்லது அரைமணி நேரம் வெயிலில் வையுங்கள். பிறகு ஏலக்காய் விதையோடு சேர்த்துத் துளி ஈரமில்லாத ஜாரில் மாவாகப் பொடித்துச் சலியுங்கள். சர்க்கரை எண்ணெயில் கரையாது. இங்கே நறநறவென்று விட்டால் தோசையிலும் நறநறவென்றுதான் கடிபடும்.

நாட்டுச்சர்க்கரை, வெள்ளைச் சர்க்கரை எது நல்லது என்று கேட்பவர்களுக்கு: வாசனைக்காக நாட்டுச்சர்க்கரை போடுங்கள், உடம்புக்காக என்று நினைத்துக்கொண்டு அளவைக் கூட்டாதீர்கள். பெயர் எதுவானாலும் சர்க்கரை சர்க்கரைதான். இந்த அளவில் ஒரு தோசைக்கு இரண்டு கிராமுக்குச் சற்று மேல் வருகிறது.

4. அரைப்பது

சட்னி ஜாரில் பாதிக்கு மேல் போட வேண்டாம். கடலையையும் முந்திரியையும் இரண்டு தவணையாக அரைக்கலாம். முப்பது விநாடி ஓட்டி நிறுத்தி, ஓரத்தை வழித்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். முதலில் பொடியாகும். பிறகு ஈர மணல்போல் ஜாரின் சுவரில் அப்பிக்கொள்ளும். பிளேடு மட்டும் வெறுமனே சுற்றும். "அவ்வளவுதான், இனி அரைபடாது" என்று எல்லோரும் எண்ணெயை எடுப்பது இந்த இடத்தில்தான். எடுக்காதீர்கள். வழித்து வழித்து இன்னும் நான்கைந்து தடவை ஓட்டினால் பெரிய உருண்டையாகத் திரளும். பிறகு அந்த உருண்டை உடைந்து, கடலை தன் எண்ணெயைத் தானே விட்டு இட்லி மாவுபோல் இளகும். ஸ்பூனில் எடுத்து ஊற்றினால் அறுபடாமல் நாடாவாக விழ வேண்டும். இடையில் ஓய்வு கொடுப்பதையும் சேர்த்தால் இருபது நிமிடம் பிடிக்கும்.

அந்த ஓய்வு முக்கியம். ஜாரின் அடியைத் தொட்டுப் பாருங்கள். சுட்டால் ஐந்து நிமிடம் விடுங்கள். நான் விடாமல் ஓட்டி, மிக்ஸி பொட்டென்று நின்றுவிட, மோட்டார் போச்சு என்று பையில் கட்டி ரிப்பேர் கடைக்கு எடுத்துப் போனேன். கடைக்காரர் மிக்ஸியைக் கவிழ்த்து அடியில் இருந்த சின்ன சிவப்புப் பட்டனை ஒரு அழுத்து அழுத்தினார். "ஒண்ணும் ஆகலைம்மா, சூடு தாங்காம தானா நிக்கும். ஆறினதும் இதை அமுக்கிட்டு ஓட்டுங்க." பெரும்பாலான மிக்ஸிகளில் அந்தப் பட்டன் இருக்கிறது. இப்போதே கவிழ்த்துப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

5. சேர்ப்பது

விழுது இளகிய பிறகு கோகோவை டீ வடிகட்டியில் சலித்துப் போட்டு, சர்க்கரைப் பொடி, பால் பவுடர், உப்பு சேர்த்து ஓட்டுங்கள். மறுபடி கொஞ்சம் இறுகும், பயப்பட வேண்டாம். இப்போதுதான் எண்ணெய், அதுவும் ஒவ்வொரு டீஸ்பூனாக. தேங்காய் எண்ணெயும் நன்றாக இருக்கும், ஆனால் ஃபிரிட்ஜில் வைத்தால் கல்லாகிவிடும். உப்பை விட்டுவிடாதீர்கள். இனிப்பைக் குறைத்தது தெரியாமல் இருப்பதற்கு அதுதான் காரணம்.

ஏதோ ஈரம் பட்டுத் திரண்டுவிட்டது என்றால் எறியாதீர்கள். சூடான பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலக்கினால் குழம்புபோல் இளகிவிடும். ஆனால் அது வேறு பண்டம். ஃபிரிட்ஜில் வைத்து இரண்டு நாளில் காலிசெய்ய வேண்டும். பேரீச்சம்பழம் போட்டு அரைத்தாலும் இதே கதைதான்.

பொட்டுக்கடலையில் செய்யலாமா என்று தங்கை கேட்டாள். அதில் எண்ணெய்ப் பசை மிகக் குறைவு. எவ்வளவு அரைத்தாலும் மாவாகத்தான் நிற்கும்.

எடுத்து வைப்பதும் கொடுப்பதும்

கழுவி வெயிலில் காய்ந்த கண்ணாடி பாட்டில், ஈரமில்லாத ஸ்பூன். வெளியில் இரண்டு வாரம், ஃபிரிட்ஜில் ஒரு மாதம் தாராளமாக இருக்கும். மேலே எண்ணெய் மிதந்தால் கெட்டுப்போனதாக அர்த்தமில்லை, கிளறிக்கொள்ளுங்கள். காறல் வாடை வந்தால் கொட்டிவிடுங்கள்.

சின்னக் குழந்தைகளுக்குத் தோசையிலோ சப்பாத்தியிலோ மெல்லியதாகத் தடவிக் கொடுங்கள். ஸ்பூனில் கட்டியாகக் கொடுத்தால் தொண்டையில் அப்பிக்கொண்டு மூச்சு அடைக்கலாம். ஒரு வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்கு இது வேண்டவே வேண்டாம். சர்க்கரைக்குப் பதில் தேன் என்ற யோசனையும் அந்த வயதுக்கு ஆபத்து. கடலையோ முந்திரியோ சாப்பிட்டுத் தடிப்பு, வீக்கம், வாந்தி வந்த பிள்ளை என்றால் டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள். டிபன் பாக்ஸில் வைத்து அனுப்பினால் பக்கத்துப் பிள்ளையும் பங்குக்கு வரும், அதனால் பள்ளியில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

ஜாரை உடனே கழுவப் போட்டுவிடாதீர்கள். பிளேடுக்கு அடியில் எந்தக் கரண்டிக்கும் சிக்காமல் இரண்டு ஸ்பூன் அளவுக்கு ஒட்டியிருக்கும். வெதுவெதுப்பான பால் ஒரு டம்ளர் ஊற்றி ஒரு சுற்று விடுங்கள். அது பிள்ளைகளுக்கு இல்லை, இருபது நிமிடம் நின்று அரைத்தவருக்கு.