இருபது ஏக்கரில் வெள்ளைவால் மான் வேட்டை

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் இருபது ஏக்கர் காட்டுநிலம் வைத்திருப்பவர்களில் பலர், அதற்குள்ளேயே மான்களைத் தங்கவைத்துவிடலாம் என்று நினைத்துப் பணத்தையும் உழைப்பையும் கொட்டுகிறார்கள். அது நடக்காது. ஒரு வெள்ளைவால் மான் சுற்றித் திரியும் பரப்பு ஏறத்தாழ ஒரு சதுர மைல், அதாவது 640 ஏக்கர். அதில் உங்கள் நிலம் முப்பத்திரண்டில் ஒரு பங்குதான். பக்கத்து நிலங்களில் வாழும் மான், பகல் வெளிச்சம் இருக்கும்போதே உங்கள் நிலத்தைத் தயங்காமல் கடந்து போக வேண்டும். அதற்கு மேல் எதிர்பார்க்கத் தேவையில்லை. அது நடக்க, நீங்கள் அங்கே வந்துபோவது மானுக்குத் தெரியவே கூடாது. பெரிய நிலத்தில் ஒரு மூலையைக் கெடுத்தால் இன்னொரு மூலை மிஞ்சும். இருபது ஏக்கரில் அப்படி ஒரு மூலை கிடையாது.

உரிமம் பெற்று வேட்டையாடச் சட்டம் இடம்தரும் பென்சில்வேனியாவை மனதில் வைத்துத்தான் இங்கே சொல்வதெல்லாம். மற்ற மாநிலங்களில் விதிகள் மாறும். இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம்.

வரைபடத்தில் வட்டம் போடுங்கள்

பரண் கட்டும் முன் நிலத்தின் வான்படத்தை அச்செடுத்து, சுற்றியுள்ள ஒவ்வொரு வீட்டையும் குறியுங்கள். ஆள் வசிக்கும் கட்டடத்திலிருந்து 150 கஜத்துக்குள், அங்கே குடியிருப்பவரின் அனுமதி இல்லாமல் துப்பாக்கியால் வேட்டையாடக் கூடாது. வில்லுக்கும், விசையை அழுத்தி எய்யும் கிராஸ்போவுக்கும் அந்தத் தூரம் 50 கஜம். 150 கஜ ஆரமுள்ள வட்டத்தின் பரப்பு 14 ஏக்கருக்கும் அதிகம். பக்கத்து வீடு எல்லையை ஒட்டியிருந்தால், அந்த வட்டத்தில் பாதி, ஏழு ஏக்கருக்கு மேல், உங்கள் நிலத்தில் விழும். 50 கஜ வட்டமோ முழுதாகவே ஒன்றரை ஏக்கரைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். சிறு நிலக்காரர்களுக்கு வில்லும் கிராஸ்போவும் கைகொடுப்பதற்கு முதல் காரணம் இந்தக் கணக்கு. அக்டோபர் தொடக்கத்தில் ஆரம்பிக்கும் வில் பருவம், நவம்பர் நடுவில் உச்சம் தொடும் இணைசேரும் காலத்தையும் உள்ளடக்கியது என்பது இரண்டாவது காரணம். ரைஃபிள் பருவம், நவம்பர் நான்காம் வியாழனன்று வரும் நன்றியறிதல் நாளுக்குப் பிறகான சனிக்கிழமைதான் தொடங்குகிறது. அதற்குள் மான்கள் உஷாராகிவிடும்.

இருபது ஏக்கர் சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் சுமார் 311 கஜம். நட்டநடுவில் நின்றாலும் எல்லை 155 கஜத்தில் வந்துவிடும். இரண்டு நுரையீரலிலும் சரியாக அடிபட்ட மான்கூட நூறு கஜம் ஓடி விழுவது சாதாரணம். பக்கத்து நிலத்தில் விழுந்தால், அந்த உரிமையாளரின் அனுமதி இல்லாமல் உள்ளே போய் எடுக்கக் கூடாது. ஆகவே கோடையிலேயே எல்லா எல்லைக்காரர்களையும் நேரில் பாருங்கள். தொலைபேசி எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். இரவில் அழைத்தால் பரவாயில்லையா என்றும் கேட்டுவையுங்கள். மானின் இறைச்சியில் ஒரு பங்கு தருவதாகச் சொன்னால் பெரும்பாலும் உறவு இனிதாகவே போகும்.

காற்று, வழி, பரண்

மானின் கண்ணையும் காதையும் ஓரளவு ஏமாற்றலாம், மூக்கை முடியாது. வாசனையைப் போக்கும் என்று விற்கும் தெளிப்பான்களை நம்பிப் பரண் கட்டாதீர்கள். உங்கள் வாசனை எங்கே போகிறதோ அங்கே மான் வராதபடி இடத்தைத் தேர்ந்தெடுங்கள். இலையுதிர் காலத்தில் இங்கே மேற்கிலிருந்தும் வடமேற்கிலிருந்தும்தான் காற்று அதிகம் வீசும். சாலை, வீடு, வெட்டவெளி ஆகியவை கிழக்கே இருந்தால் அதிர்ஷ்டம்: அந்தப் பக்கத்தில் பரண் அமைத்தால் வாசனை சாலைக்குப் போய்விடும், மான் மேற்கே காட்டுக்குள்ளிருந்து வரும். நிலம் வேறு மாதிரி அமைந்திருந்தால் அதற்கேற்ப மாற்றுங்கள். வெவ்வேறு காற்றுக்கு இரண்டு பரண்களாவது வேண்டும். இரண்டுக்கும் ஒத்துவராத காற்று வீசும் நாளில் போகவே வேண்டாம்.

சரிவான நிலத்தில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மாலையில் குளிரும் காற்று மேட்டிலிருந்து பள்ளத்துக்கு வழிந்து இறங்கும். காலையில் வெயில் ஏற ஏற அது மேல்நோக்கி எழும்பும். வானிலைச் செயலி வடமேற்கு என்று காட்டினாலும், அந்தி நேரத்து ஓடைக்கரையில் உங்கள் வாசனை ஓடையோடு கீழே போய்க்கொண்டிருக்கும். இதைக் கண்ணால் பார்க்க மில்க்வீட் பஞ்சு போதும். நம் எருக்கின் குடும்பத்தைச் சேர்ந்த செடி அது, பஞ்சும் எருக்கம்பஞ்சைப் போலவே மிதக்கும். பரணிலிருந்து ஒவ்வொன்றாகப் பறக்கவிட்டு நூறு கஜம் வரை எப்படிப் போகிறது என்று பாருங்கள். பொடி தூவிப் பார்ப்பதில் மூக்கருகே உள்ள காற்றுதான் தெரியும்.

பரணுக்குப் போகும் வழி பரணைவிட முக்கியம். ஓடை இருந்தால் தண்ணீருக்குள்ளேயே நடந்து போங்கள். இல்லையென்றால் ஆகஸ்டிலேயே நான்கடி அகலத்தில் சருகைக் கூட்டி, கிளைகளை வெட்டி, சத்தமில்லாத பாதை ஒன்று செய்துவையுங்கள். அந்தப் பாதை மான்தடத்தை எங்கும் குறுக்கே வெட்டக் கூடாது. அக்டோபரில் காலை வேட்டையைத் தவிர்ப்பது நல்லது: இருட்டில் நீங்கள் உள்ளே வரும்போது மான்கள் மேய்ச்சலிலிருந்து திரும்பிக்கொண்டிருக்கும், நேருக்கு நேர் மோதுவீர்கள். மாலையில் வேறு சிக்கல். இறங்கும் நேரத்தில் பரணுக்கு முன்னால் மான்கள் மேய்ந்துகொண்டிருக்கலாம். நீங்கள் இறங்குவதை அவை பார்த்துவிட்டால் அந்தப் பரண் பல நாட்களுக்கு வீண். வீட்டிலிருந்து யாராவது வண்டியை மெதுவாக ஓட்டி வந்து அவற்றைக் கலைக்கட்டும். வண்டிச் சத்தம் அவற்றுக்குப் பழகிய ஒன்று, மரத்திலிருந்து மனிதன் இறங்குவது அப்படியல்ல.

ஒரே பரணில் அடுத்தடுத்த நாட்கள் உட்கார வேண்டாம். நல்ல இடத்தை நவம்பரின் முதல் இரண்டு வாரங்களுக்கு மிச்சம் வையுங்கள். அப்போது ஆண் மான்கள் பெண் மான்களைத் தேடிப் பகல் முழுதும் அலையும், நாள் முழுக்க உட்காரலாம். மான் கடக்கும்போது தானே படமெடுக்கும் ட்ரெயில் கேமராவைப் பார்க்கிறேன் என்று வாராவாரம் உள்ளே நடப்பதுதான் சிறு நிலங்களைக் கெடுக்கும் பெரும் பழக்கம். செல்பேசி வழியே படம் அனுப்பும் கேமராவை நுழைவுப் பாதைக்கு அருகே வையுங்கள், உள்ளே வேண்டாம்.

பரணின் உயரம் 15 முதல் 20 அடி போதும். அதற்கு மேலே ஏறினால் அம்பு இறங்கும் கோணம் செங்குத்தாகி, இரண்டு நுரையீரலையும் துளைப்பது கடினமாகும். உடல் முழுதும் அணியும் ஹார்னஸ் என்னும் பாதுகாப்புப் பட்டை, தரையிலிருந்து இருக்கை வரை கட்டிய லைஃப்லைன் கயிறு, அதில் நகர்ந்து, விழுந்தால் இறுகிப் பிடிக்கும் புரூசிக் முடிச்சு ஆகியவை இல்லாமல் ஏறாதீர்கள். விழுவோரில் பலர் விழுவது ஏறும்போதும் இறங்கும்போதும், படியிலிருந்து மேடைக்குக் கால் மாற்றும் அந்தக் கணத்திலும்தான். வில்லைக் கையில் வைத்துக்கொண்டு ஏறாமல் கயிறு கட்டி மேலே இழுத்துக்கொள்ளுங்கள்.

நிலத்தைத் திருத்துவது

நிலத்தில் பாதியையாவது, முடிந்தால் மறைவு அதிகமுள்ள பகுதியை, கால் வைக்காமல் விட்டுவிடுங்கள். அடிபட்ட மானைத் தேட மட்டும் உள்ளே போகலாம். அங்கே மறைவு குறைவு என்றால் பிப்ரவரி, மார்ச்சில் 4 முதல் 8 அங்குலத் தடிமனுள்ள சிவப்பு மேப்பிள் போன்ற மரங்களை இடுப்புயரத்தில் மூன்றில் இரண்டு பங்கு வெட்டிச் சாய்க்கலாம். வெட்டாத பட்டை வழியே உயிர் ஓடுவதால் மரம் படுத்தபடியே துளிர்க்கும். மானுக்கு மறைவும் கிடைக்கும், எட்டும் உயரத்தில் தழையும் கிடைக்கும். பாரம் ஒரு பக்கம் சாய்ந்த மரம் வெட்டும்போதே நெடுக்கில் பிளந்து முகத்தை நோக்கி வரக்கூடும், ஆகவே சங்கிலி வாளில் பழக்கமில்லாதவர்கள் இதைச் செய்ய வேண்டாம். வெள்ளை ஓக் மரத்தைத் தொடாதீர்கள். அதன் கொட்டை சிவப்பு ஓக்கினுடையதைவிடக் கசப்புக் குறைந்தது, மான் அதைத்தான் முதலில் தேடும். சுற்றிலும் நெருக்கும் மரங்களை நீக்கி அதற்கு வெயில் கிடைக்கச் செய்யுங்கள்.

தீவனப் பயிருக்குக் கால் ஏக்கர் தாராளம். சாலையிலிருந்து பார்த்தால் தெரியாத இடமாக இருக்கட்டும். மண் பரிசோதனை செய்யாமல் விதை வாங்காதீர்கள். காட்டு மண் பெரும்பாலும் அமிலத்தன்மை உடையது, கார அமில நிலை 6-க்குக் கீழே இருந்தால் க்ளோவர் என்னும் தீவனச் செடி மஞ்சளித்து நின்றுவிடும். சுண்ணாம்பு வேலை செய்ய மாதங்கள் ஆகும் என்பதால் வசந்தத்திலேயே இட்டுவிடுங்கள். செப்டம்பர் தொடக்கத்தில் கால் ஏக்கருக்கு 15 முதல் 20 பவுண்டு ரை தானிய விதையைத் தூவி, பரம்பு இழுத்து ஓர் அங்குலம் மூடுங்கள். அதன்மேல் 2 பவுண்டு வெள்ளைக் க்ளோவரைத் தூவி உருளையால் அழுத்திவிடுங்கள், மண்ணைப் போட்டு மூட வேண்டாம். க்ளோவர் விதை கால் அங்குலத்துக்கு மேல் ஆழம் போனால் முளைப்பது சிரமம். தழைச்சத்து உரமும் தேவையில்லை, அது களைகளுக்குத்தான் போய்ச் சேரும். சோளத்தைக் கொட்டி வைத்து அதன்மேல் வேட்டையாடுவது மாநிலத்தின் பெரும்பகுதியில் குற்றம், பயிரிட்டு வளர்த்தது அப்படியல்ல.

எல்லையில் கம்பிவேலி இருந்தால், பரணுக்கு எட்டும் ஓரிடத்தில் மட்டும் மேல்கம்பியை ஓரடி இறக்கிக் கட்டுங்கள். வேலி பொதுவானதாக இருந்தால் அடுத்த நிலத்தாரிடம் கேட்டுச் செய்யுங்கள். மான் சுலபமான இடத்தில்தான் தாண்டும். சில வாரங்களில் அங்கே தடம் விழுவதைப் பார்ப்பீர்கள்.

எய்த பிறகு

எல்லையைத் தாண்டி வந்தவுடனே எய்யாதீர்கள். அடிபட்ட மான் வந்த வழியே திரும்பி ஓடுவது அதிகம். அறுபது, எழுபது கஜம் உள்ளே வரவிட்டு, பக்கவாட்டிலோ உங்களுக்கு எதிர்ப்பக்கம் சற்றே திரும்பியோ நிற்கும்போது, முன்னங்காலுக்குப் பின்னால் குறிவையுங்கள். வில்லுக்கு 20 முதல் 30 கஜம் வரைதான்.

அம்பில் இளஞ்சிவப்பாக நுரைத்த இரத்தம் என்றால் நுரையீரல், அரை மணி நேரம் பொறுங்கள். கருஞ்சிவப்பு என்றால் கல்லீரலாக இருக்கலாம், நான்கு முதல் ஆறு மணி நேரம். பச்சையும் நாற்றமும் என்றால் குடல், குறைந்தது எட்டு மணி நேரம். சிறு நிலத்தில் இந்தப் பொறுமைக்கு மதிப்பு இரட்டிப்பு: தொந்தரவு இல்லாவிட்டால் வயிற்றில் அடிபட்ட மான் கிட்டத்திலேயே படுத்துவிடும், துரத்தினால் இரண்டு மூன்று நிலங்களைத் தாண்டிப் போய்விடும். வாரில் கட்டிய மோப்ப நாயைக்கொண்டு தேட இங்கே அனுமதி உண்டு.

மானை நகர்த்தும் முன், உரிமத்தோடு தரும் அட்டையை நிரப்பி அதன்மேல் கட்டி, பத்து நாட்களுக்குள் மாநில வேட்டை ஆணையத்துக்குத் தெரிவியுங்கள். உடனே குடலை அகற்றி, இறைச்சி 4 டிகிரி செல்சியஸுக்குக் கீழே குளிரும்படி பார்த்துக்கொள்ளுங்கள். 2012 முதல் இந்த மாநிலத்தில் மான்களின் மூளையைச் சிதைக்கும் சிடபிள்யூடி நோய் இருக்கிறது. நோய்க் கட்டுப்பாட்டுப் பகுதியில் எடுத்த மானின் தலை, முதுகுத்தண்டு ஆகியவற்றை வெளியே கொண்டுபோகாமல், தலையை அங்கே வைத்திருக்கும் சேகரிப்புப் பெட்டியில் போட்டால் இலவசமாகச் சோதிப்பார்கள். முடிவு வரும்வரை இறைச்சியை உறைநிலையில் வையுங்கள். நோய் உண்டு என்று வந்தால் சாப்பிடாதீர்கள்.