பொது மருத்துவரிடம் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

பெயர்ப்பலகையில் எம்.டி. என்று இருந்தாலே சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் பார்க்கும் டாக்டர் என்று நினைத்துக்கொள்கிறோம். எம்.பி.பி.எஸ். முடித்தபின் மூன்று ஆண்டு படித்து வாங்கும் இந்தப் பட்டம் குழந்தை நலம், மயக்கவியல், நுண்ணுயிரியல் என்று பல துறைகளில் உண்டு. பெரியவர்களின் சர்க்கரை, பிரஷர், தைராய்டு, காய்ச்சல், மூச்சிரைப்பு, ரத்தசோகை எல்லாவற்றையும் ஒன்றாக வைத்துப் பார்க்கிறவர் ‘ஜெனரல் மெடிசின்’ எம்.டி. பலர் ஃபிசிஷியன் என்பார்கள். பட்டத்துக்குப் பக்கத்தில் துறையின் பெயரையும் பாருங்கள்.

நோய்க்கு நாமே பெயர் வைத்துக்கொண்டு நேராக ஸ்பெஷலிஸ்டிடம் போவது இன்னொரு தவறு. இரண்டு கால்களும் வீங்கியிருக்கின்றன என்று வையுங்கள். இதயமா, சிறுநீரகமா, ஈரலா, தைராய்டா? பிரஷருக்குச் சாப்பிடும் அம்லோடிபின் மாத்திரையாலேயே கால் வீங்குவதும் சகஜம். இதயம், சிறுநீரகம், நரம்பு என்று மூன்று இடங்களில் ஏறி இறங்கி, மூன்று கட்டு ரிப்போர்ட்டோடு வருகிறவருக்குக் கடைசியில் மாத்திரையை மாற்றினாலே வீக்கம் வடிந்துவிடுவதுண்டு. எந்தக் கதவைத் தட்டுவது என்று சொல்வதே ஃபிசிஷியனின் பாதி வேலை.

இதற்கு விலக்கு உண்டு. நெஞ்சை அழுத்தும் வலியோடு வியர்வை, திடீரென வாய் கோணுதல், ஒரு பக்கம் கை கால் தளர்தல், பேச்சுக் குழறல் என்றால் யாருடைய அப்பாயின்ட்மென்டுக்கும் காத்திருக்கக் கூடாது. 108-ஐ அழையுங்கள். பக்கவாதத்தில் அடைப்பைக் கரைக்கும் ஊசியை வழக்கமாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். அறிகுறி தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மருத்துவமனையில் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

மாத்திரை விஷயத்தில்தான் சேதம் அதிகம். ‘வெள்ளை மாத்திரை ஒண்ணு, காலையில பாதி’ என்றால் எந்த டாக்டருக்கும் புரியாது. சீட்டைவிட அட்டைகளையே பையில் போட்டு எடுத்து வாருங்கள். சித்தா, ஆயுர்வேதம், சத்து மாத்திரை, கண் சொட்டு மருந்து உட்பட. ஒருவர் எழுதிய டெல்மிசார்டன் என்ற பிரஷர் மாத்திரையை இன்னொருவர் வேறு கம்பெனிப் பெயரில் எழுத, இரண்டையும் விழுங்கி எழுந்தவுடன் தலைசுற்றி விழுகிறவர்கள் உண்டு. அட்டையில் கம்பெனி வைத்த பெயரும் இருக்கும், மருந்தின் பெயரும் இருக்கும். ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியது மருந்தின் பெயரைத்தான்.

மூட்டு வலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபினாக்கை டாக்டரிடம் சொல்லாமல் விடுவது இதைவிட மோசம். டெல்மிசார்டன் போன்ற பிரஷர் மாத்திரை, நீர் பிரியும் மாத்திரை, வலி மாத்திரை மூன்றும் சேர்ந்தால் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டம் குறைந்து, சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் ரத்தத்தில் ஏறலாம். வாந்தி பேதியில் உடம்பு வற்றியிருக்கும் நாளில் ஆபத்து இன்னும் கூடும். வலி மாத்திரையால் பிரஷரும் ஏறும். அதற்கும் சேர்த்து இன்னொரு மாத்திரை எழுதப்படும்.

‘மாத்திரை போடாம வந்தாத்தான் உண்மையான அளவு தெரியும்’ என்று அன்று மட்டும் நிறுத்திவிட்டு வருகிறவர்கள் நிறைய. டாக்டர் பார்க்க நினைப்பது மாத்திரையோடு பிரஷர் எங்கே நிற்கிறது என்பதை. அது தெரியாவிட்டால் தேவையில்லாமல் டோஸ் கூடும். மாடிப்படி ஏறி வந்த மூச்சோடு கையை நீட்டவும் கூடாது. காபியோ சிகரெட்டோ முடிந்து அரை மணி ஆகியிருக்க வேண்டும். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்த்து, பாதம் தரையில் பட 5 நிமிடம் உட்கார்ந்த பிறகு, சட்டைக் கைமேல் கட்டாமல், பேசாமல் எடுக்க வேண்டும்.

சர்க்கரைப் பரிசோதனையும் அப்படித்தான். வெறும் வயிறு என்றால் குறைந்தது 8 மணி நேரம்; தண்ணீர் குடிக்கலாம். சாப்பாட்டுக்குப் பின் என்றால் முதல் வாய் வைத்த நேரத்திலிருந்து 2 மணி. அன்றைக்கு மட்டும் இரண்டு இட்லியோடு நிறுத்தினால் ரிப்போர்ட் அழகாக வரும், வேறு பயன் இல்லை. வழக்கமான சாப்பாடு, வழக்கமான மாத்திரை. மூன்று மாதச் சராசரி காட்டும் ஹெச்பிஏ1சி-யிலும் ஒரு சிக்கல்: இரும்புச்சத்துக் குறைவால் வரும் ரத்தசோகையில் அது உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டலாம். ரத்தம் ஏற்றியிருந்தாலும் கணக்கு தவறும், சொல்லிவிடுங்கள்.

காய்ச்சலில் நடப்பது வேறு. முதல் நாளே ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டுவிட்டு நான்காம் நாள் வந்தால், டைபாய்டா என்று பார்க்கும் ரத்த கல்ச்சரில் கிருமி வளராமல் போகலாம். டெங்கு சந்தேகம் இருக்கும்போது பாராசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரை வேண்டாம். காய்ச்சல் விட்டதும் ரத்தப் பரிசோதனையை நிறுத்துவது பெரிய தவறு. டெங்குவில் தட்டணுக்கள் இறங்குவதும் ரத்தக்குழாயிலிருந்து நீர் கசிவதும் பெரும்பாலும் காய்ச்சல் விடும் அந்த ஓரிரு நாளில்தான். விடாத வயிற்றுவலி, வாந்தி, ஈறில் ரத்தம் என்றால் உடனே திரும்ப வர வேண்டும்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் மாலை, உடம்பு அதற்குத் தாங்கும் என்று சொல்லும் ‘ஃபிட்னஸ்’ கையெழுத்துக்கு ஓடி வருவதும் வழக்கமாகிவிட்டது. டாபாகிளிஃப்லோசின் வகைச் சர்க்கரை மாத்திரையைக் குறைந்தது 3 நாள் முன்பே நிறுத்த வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் மாத்திரைக்கு மருந்தைப் பொறுத்து நாள் கணக்கு மாறும், சிலருக்கு நிறுத்தவே கூடாது. நீங்களாக நிறுத்தாமல், ஒரு வாரம் பத்து நாள் முன்பே மாத்திரைப் பையோடு போய்விடுங்கள்.