வெல்ஷ் குரல் கேட்டதும் போனை வைத்துவிடாதீர்கள்

பிரிட்டனின் ஒரு பகுதியான வேல்ஸுக்கு வந்து மூன்றே வாரமான ஓர் அக்கா. அவர் குடியிருந்த ஃப்ளாட்டுக்குக் கீழே தினமும் ராத்திரி ஒரு குழந்தை அலறும். சேட்டை செய்யும் பிள்ளையின் அழுகை இல்லை அது. கேட்டால் வயிற்றைப் பிசையும். மூன்றாம் நாள் கவுன்சில் (நம்மூர் நகராட்சி மாதிரி) எண்ணைத் தேடியெடுத்து போன் செய்திருக்கிறார். மறுமுனையில் ஒரு பெண் குரல் என்னவோ ஒரு மொழியில் பேசியது. ராங் நம்பர் என்று வைத்துவிட்டார். மறுபடி செய்தார், அதே குரல். பயந்துபோய் விட்டுவிட்டார். இரண்டு நாள் கழித்துப் பஸ்ஸில் பார்த்தபோது என்னிடம் சொன்னார். அந்த இரண்டு நாளை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

அது ராங் நம்பர் இல்லை. அந்த மொழி வெல்ஷ். 2011-இல் வந்த சட்டப்படி இங்கே அது அதிகாரபூர்வ மொழி. அதனால் கவுன்சில், ஆஸ்பத்திரி என்று எங்கே கூப்பிட்டாலும் பெரும்பாலும் முதலில் வெல்ஷ்தான் வரும். சில நொடி பொறுத்தால் ஆங்கிலம் வரும். எந்த மொழிக்கு எந்த எண்ணை அழுத்துவது என்றும் சொல்வார்கள். 2021 கணக்கெடுப்பில் வெல்ஷ் பேசுவோர் சுமார் 5,38,000 பேர். நூற்றுக்குப் பதினெட்டுப் பேர் என்று வையுங்கள். எண்ணிக்கை குறைவுதானே, எதற்கு இரண்டு மொழி என்று நம்மவர்களே கேட்கிறார்கள். அடி வாங்கிய ஐந்து வயதுப் பிள்ளைக்கு, நடந்ததை வீட்டில் பேசும் மொழியில்தான் சொல்ல வரும். தமிழ் பேசுகிற நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இன்னொரு குழப்பமும் உண்டு. கவுன்சில் பலகையிலும் கடிதத்திலும் 'ப்ளான்ட்' என்ற சொல் இருக்கும். செடி கொடி சம்பந்தப்பட்ட அலுவலகம் என்று நினைத்துத் தாண்டிப் போய்விடாதீர்கள். வெல்ஷில் 'ப்ளான்ட்' என்றால் குழந்தைகள். குழந்தைகளின் பாதுகாப்பைக் கவனிக்கும், நீங்கள் தேடும் சோஷியல் சர்வீஸ் பிரிவு அதுதான்.

ஒரு குழந்தைக்கு இந்த நிமிடமே ஆபத்து என்றால் வேறெதையும் யோசிக்காமல் 999. மற்றபடி, அந்தக் குழந்தை குடியிருக்கும் ஊரின் கவுன்சிலைக் கூப்பிட வேண்டும். வேல்ஸில் 22 கவுன்சில்கள் இருக்கின்றன. நியூபோர்ட்டில் இருக்கும் குழந்தைக்காக கார்டிஃபைக் கூப்பிட்டால் சுற்றிவிட்டு நேரம்தான் போகும். இரவுக்கும் சனி ஞாயிறுக்கும் தனி எண் வைத்திருப்பார்கள். பகல் எண்ணோடு அதையும் சேர்த்து இன்றே குறித்து வையுங்கள். நமக்குத் தேவைப்படுவது பெரும்பாலும் ராத்திரியில்தான். இது சொல்ல வேண்டிய விஷயமா இல்லையா என்றே சந்தேகமாக இருந்தால் என்.எஸ்.பி.சி.சி. என்ற குழந்தைகள் நலத் தொண்டு நிறுவனத்தை 0808 800 5000 என்ற எண்ணில் கேட்கலாம். உங்கள் பெயரைச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. 0800, 0808 என்று தொடங்கும் எண்களுக்கு மொபைலில் இருந்தும் காசு கிடையாது.

என்ன பேசுவது? பார்த்ததையும் கேட்டதையும் மட்டும் சொல்லுங்கள். எந்த நாள், எத்தனை மணி, என்ன சத்தம், குழந்தைக்கு என்ன வயதிருக்கும். நிரூபிப்பது உங்கள் வேலை இல்லை. ஆங்கிலம் தடுமாறினால் 'தமிழ் இன்டர்பிரெட்டர் ப்ளீஸ்' என்ற மூன்று சொல் போதும். மொழிபெயர்க்க ஆளை அவர்கள் ஏற்பாடு செய்வார்கள், உங்களுக்குச் செலவில்லை. பள்ளிக்கூடம் போகும் உங்கள் பிள்ளையை நடுவில் நிறுத்திப் பேச வைக்காதீர்கள். அந்தச் சொற்களை ஒரு குழந்தை வாயால் சொல்லக் கூடாது. சின்ன ஊரில் வருகிற மொழிபெயர்ப்பாளரே நம் சங்கத்து ஆளாக இருந்துவிடலாம். தெரிந்தவர் வேண்டாம், வெளியூர் ஆளைப் போனில் போடுங்கள் என்று தயங்காமல் கேளுங்கள்.

இனி நம் வீட்டுக்குள் வருவோம். 'முருங்கையை ஒடித்து வளர், பிள்ளையை அடித்து வளர்' என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். வேல்ஸில் 2022 மார்ச் 21 முதல் பிள்ளையை அடிப்பது சட்டப்படி குற்றம். 'லேசான அடிதான்', 'பெற்றவள் நான்' என்ற பேச்சு இங்கே எடுபடாது. இங்கிலாந்தில் சட்டம் வேறு. லண்டனில் இருக்கும் சித்தப்பா 'ரெண்டு தட்டுத் தட்டினா தப்பில்ல' என்று சொன்னால் அதை நம்பி இங்கே கை ஓங்காதீர்கள். விசிட் விசாவில் வரும் தாத்தா பாட்டிக்கும் இதே சட்டம்தான். வந்து இறங்கிய அன்றே அவர்களுக்குச் சொல்லிவிடுங்கள். காதைத் திருகுவதும் தொடையில் கிள்ளுவதும்கூட வேண்டாம் என்று விளக்கமாகவே சொல்லுங்கள். பிள்ளை வகுப்பில் சொன்னால் ஆசிரியர் அதை மேலே தெரிவித்தே தீர வேண்டும். நம் மேல் பகை வைத்து அவர் செய்வதில்லை. அடிக்காமல் வளர்க்கக் கற்றுக்கொள்ள இலவச உதவியும் கவுன்சிலிலேயே கிடைக்கும். தப்பு நடந்த பிறகு போவதைவிட, பொறுமை போகிறது என்று தெரிந்த உடனே போய்க் கேட்பது நல்லது.

நம்மவர்களின் வாயை அடைப்பது ஒரே ஒரு பயம்: 'சோஷியல் சர்வீஸ் வந்தா புள்ளயத் தூக்கிட்டுப் போயிடுவாங்க.' இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். பெற்றவர் சம்மதமோ கோர்ட் உத்தரவோ இல்லாமல் ஒரு சோஷியல் வொர்க்கர் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போக முடியாது. பெரிய ஆபத்து இருந்தால் போலீசுக்கு அந்த அதிகாரம் உண்டு, அதுவும் 72 மணி நேரம் வரைதான். கோர்ட் தரும் அவசர உத்தரவு முதலில் 8 நாள் வரைக்கும். பெரும்பாலும் நடப்பது என்னவென்றால், ஒருவர் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து பேசுவார், பிள்ளையைத் தனியாகப் பார்ப்பார், பள்ளியிலும் டாக்டரிடமும் விசாரிப்பார். பிள்ளையைக் கொஞ்ச நாள் வேறு இடத்தில் தங்கவைக்கலாம் என்று ஒரு தாளை நீட்டினால், புரியாமல் கையெழுத்துப் போடாதீர்கள். வக்கீலோடு பேச வேண்டும் என்று கேளுங்கள். பிள்ளையை எடுக்கக் கவுன்சில் கோர்ட்டுக்குப் போனால், பெற்றவர்களுக்கு வக்கீல் செலவை அரசே ஏற்கும். உங்கள் சம்பளம் எவ்வளவு என்று பார்க்க மாட்டார்கள். விசா எந்த வகையாக இருந்தாலும், இந்த மண்ணில் இருக்கும் ஒவ்வொரு குழந்தையையும் காக்கும் கடமை கவுன்சிலுக்கு உண்டு.

அடி வாங்குவது நீங்களாக இருந்தால், அதைப் பார்த்து வளரும் பிள்ளைக்கும் அது கேடுதான். அதற்கென்றே இருக்கும் உதவி எண்ணின் பெயர் 'லிவ் ஃபியர் ஃப்ரீ', வெல்ஷில் 'பியூ ஹெப் ஓவ்ன்'. எண் 0808 80 10 800. இருபத்துநாலு மணி நேரமும் இரண்டு மொழியிலும் எடுப்பார்கள். தமிழ் வேண்டும் என்று இங்கேயும் கேட்கலாம்.

பஸ்ஸில் சொன்ன அந்த அக்கா கவுன்சிலுக்கு மறுபடி போன் செய்தபோது நானும் அவர் சமையலறையில் நின்றுகொண்டிருந்தேன். ஸ்பீக்கரைப் போட்டு அடுப்பு மேடையில் வைத்தோம். வெல்ஷ் முடிந்து ஆங்கிலம் வந்ததும் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். பதினைந்து நிமிடம்கூட ஆகவில்லை. அடுத்த நாள் கழுத்தில் அட்டை தொங்க இரண்டு பெண்கள் கீழ்வீட்டுக் கதவைத் தட்டியதை ஜன்னல் வழியாகப் பார்த்ததாகச் சொன்னார். அந்தக் குழந்தைக்கு என்ன ஆயிற்று என்று நமக்குச் சொல்ல மாட்டார்கள். அக்காவுக்கும் சொல்லவில்லை. அது அந்தக் குடும்பத்தின் அந்தரங்கம்.

கடைசியாகப் பிள்ளைகளுக்கு என்றே இருக்கும் எண். பெயர் 'மைக்'. வெல்ஷிலும் நாம் மேடையில் பேசும் அதே மைக்தான். எண் 080880 23456. 84001-க்கு மெசேஜும் அனுப்பலாம். 25 வயது வரைக்குமானது. தினமும் காலை 8 மணியிலிருந்து நள்ளிரவு வரை வெல்ஷிலோ ஆங்கிலத்திலோ பேசலாம். பெயர் சொல்ல வேண்டியதில்லை. பிள்ளைக்கோ வேறொருவருக்கோ பெரிய தீங்கு வரும் என்று தோன்றினால் மட்டும் மற்றவர்களுக்குத் தெரிவிப்பார்கள். பிள்ளைகள் பேசுவதற்கான இன்னொரு சேவை சைல்ட்லைன், அதன் எண் 0800 1111. இரண்டையும் எழுதி, பிள்ளை கண்ணில் படும்படி ஃபிரிட்ஜில் ஒட்டுங்கள். பள்ளியில் கற்ற வெல்ஷில் உங்கள் பிள்ளை கதவைச் சாத்திக்கொண்டு யாரிடமோ பேசினால், வெளியே நின்று ஒட்டுக்கேட்காதீர்கள்.