ஆர்டிக்கு ரேஸ் பைப் மாட்டும் முன்

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும்போது, பர்லியார் தாண்டி ஒரு கொண்டை ஊசி வளைவு. இரண்டாவது கியர், ஆர்பிஎம் 4,000. ஆக்சிலேட்டரை முறுக்கினால் வண்டி முக்குகிறது. 7,000 தொட்டதும் பிய்த்துக்கொண்டு கிளம்புகிறது. அதற்குள் அடுத்த வளைவு வந்துவிடுகிறது. ராஜ்தூத் 350-இல் (யமஹா ஆர்டி350-இன் இந்திய வடிவம், சுருக்கமாக ஆர்டி) ரேஸ் சேம்பர், அதாவது நடுவில் பருத்த ரேஸ் பைப், மாட்டியவர்களுக்கு இது பழகிய கதை. உடனே கார்பரேட்டரைக் கழற்ற உட்கார்ந்துவிடுவார்கள். கோளாறு பெரும்பாலும் பைப்பின் நீளத்தில்தான்.

ஆர்டி போன்ற டூ-ஸ்ட்ரோக்கில் புகை வெளியேறும் வாசலுக்கு (எக்ஸாஸ்ட் போர்ட்) வால்வு கிடையாது; பிஸ்டன்தான் அதைத் திறந்து மூடுகிறது. உள்ளே வந்த புதுக் கலவையில் கொஞ்சம், புகையோடு சேர்ந்து வெளியே ஓடிவிடும். சேம்பரின் விரியும் கூம்பு முதலில் ஓர் உறிஞ்சும் அலையைத் திருப்பி அனுப்பி, பழைய புகையை இழுத்துவிடுகிறது. பின்னால் குறுகும் கூம்பு ஓர் அழுத்த அலையைத் திருப்பி அனுப்பி, ஓடிய கலவையை மறுபடி சிலிண்டருக்குள் தள்ளுகிறது. போர்ட் மூடுவதற்குச் சற்று முன் அந்த அலை வந்து சேர வேண்டும். முந்தினாலும் பிந்தினாலும் பயனில்லை.

ஒரு கணக்குப் போடலாம். கிராங்கின் ஒரு சுற்றில் 195 டிகிரிக்கு எக்ஸாஸ்ட் போர்ட் திறந்திருக்கிறது என்று வையுங்கள். 8,000 ஆர்பிஎம்மில் அது சுமார் 4 மில்லி செகண்ட். சூடான புகைக்குள் அலை நொடிக்கு 520 மீட்டர் போல ஓடும். போய்த் திரும்ப வேண்டும் என்பதால் நீளம் சுமார் 105 செ.மீ. அதே இன்ஜினுக்கு 6,000-இல் இழுவை வேண்டுமென்றால் 140 செ.மீ. மலைக்கும் மைதானத்துக்கும் 35 செ.மீ. வித்தியாசம்!

யமஹா டிஇசட்350 ரேஸ் வண்டிக்கும் ஆர்டிக்கும் போர் (சிலிண்டரின் விட்டம்), ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் தூரம்) ஒன்றுதான்: 64 மி.மீ., 54 மி.மீ. அதனாலேயே அதன் பைப்பை அப்படியே காப்பி அடிக்கிறார்கள். ஆனால் அதன் போர்ட் திறந்திருக்கும் நேரமே வேறு, அது ஓடும் ஆர்பிஎம்மும் வேறு. அந்தக் காலத்தில் ரேஸ் நடந்த சோழவரத்து நேர் ஓடுதளத்தில் ஜொலித்த பைப், கோத்தகிரி மேட்டில் படுத்துவிடும். அப்புறம், அளவை ஃபிளாஞ்சிலிருந்து (பைப் சிலிண்டரோடு சேரும் விளிம்பு) எடுக்காதீர்கள். பிஸ்டன் முகத்திலிருந்து, வளைவின் நடுக்கோடு வழியாக எடுக்க வேண்டும்.

இரண்டு பைப்பையும் ஒன்றாகச் சேர்த்தால் எடை குறையுமே என்று கேட்பவர்கள் உண்டு. பழைய ஃபோர்-ஸ்ட்ரோக் ட்ரையம்ப் பானவில்லிலோ நார்ட்டன் கமாண்டோவிலோ 360 டிகிரி கிராங்க், அதாவது இரண்டு பிஸ்டனும் சேர்ந்தே ஏறி இறங்கும்; ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வெடிப்பு, இரண்டுக்கும் நடுவே இடைவெளி தாராளம். அங்கே சேர்க்கலாம். ஆர்டியில் 180 டிகிரிக்கு ஒரு வெடிப்பு, போர்ட் திறந்திருப்பதோ அதைவிட அதிகம். ஒரு சிலிண்டரின் அலை இன்னொன்றின் திறந்த வாசலில் போய் முட்டும். ஆளுக்கொரு பைப்தான் சரி. (இரண்டு சைலன்சர் தொங்குகிறது என்பதற்காக யெஸ்டி 250-ஐ ட்வின் என்பவர்களோடு நான் வாதாடுவதை விட்டுவிட்டேன். அது ஒற்றை சிலிண்டர்.)

வளைவில் உரசுகிறது என்று ஒரு பக்கத்துச் சேம்பரை மட்டும் தட்டி நசுக்குவதும் வேண்டாம். இரண்டு பைப்பும் ஒரே மாதிரி வேலை செய்யாமல் போகலாம்.

சத்தம் குறைய வேண்டும் என்று கடைசியில் இருக்கும் வால் குழாயைச் சின்னதாக்குவது இவற்றிலெல்லாம் ஆபத்தானது. அழுத்தமும் சூடும் சேம்பருக்குள்ளேயே தங்கி, பிஸ்டன் தலையில் ஓட்டை விழும்.

நான் செய்த தவறு வேறு. ஊட்டி 2,240 மீட்டர் உயரம். காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு போலக் குறைவு. புது பைப்புக்கு அங்கேயே கார்பரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் மெயின் ஜெட்டைச் சின்னதாக்கி, பிளக் காப்பிப் பொடி நிறத்துக்கு வந்ததும் (கலவை சரி என்பதற்கு அடையாளம்) திருப்தியாக இறங்கினேன். மலை முழுக்கப் பிரச்சினை இல்லை. மேட்டுப்பாளையம் தாண்டி நேர் ரோட்டில் நாலாவது கியரில் முழுசாக முறுக்கியபோது இன்ஜின் இறுகி, பின் சக்கரம் கிறீச்சென்று பூட்டியது. கிளட்சை அமுக்கிப் பிழைத்தேன். வலது பிளக்கைக் கழற்றினால் பீங்கான் வெள்ளை வெளேரென்று, அதன்மேல் மிளகுத்தூள் தூவியது போல அலுமினியப் புள்ளிகள். பிஸ்டன் உருகிய துகள்கள். அடர்த்தியான காற்றுக்கு அந்த ஜெட்டின் பெட்ரோல் போதவில்லை.

இப்போது சீட்டுக்கு அடியில் ஒரு பழைய ஃபிலிம் டப்பாவில் இரண்டு ஜோடி ஜெட் இருக்கிறது. கல்லாரில் டீ சொல்லிவிட்டு, அது ஆறுவதற்குள் மாற்றிவிடுவேன்.